கதவைத் தட்டுவது யார்? அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் சோதனை, அந்தரங்கம், மாணவர் உரிமை: முழுமையான வழிகாட்டி

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் தமிழ் மாணவர்களுக்கு விசா நேர்காணல், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித்தர ஏராளமானோர் இருக்கிறார்கள். வளாகக் காவலர் அறைவாசலில் நின்று, உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டால் என்ன விடை சொல்வது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. நம் ஊர் விடுதிகளில் வார்டன் எந்த நேரத்திலும் அலமாரியைத் திறந்து பார்ப்பார். அதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் சீருடையைக் கண்டதும் கதவை அகலத் திறந்து, “வாங்க” என்று வழிவிட்டுவிடுகிறார். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அந்த மரியாதையே சோதனைக்கான சம்மதமாகக் கொள்ளப்படலாம்; அப்படிக் கொள்ளப்பட்ட பிறகு, வாரன்ட் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

தவறேதும் செய்யாத மாணவருக்கும் இந்த அறிவு தேவை. ஒரே அறையில் இருவரோ மூவரோ தங்கும் இடத்தில், அறைத்தோழரின் மேசையில் இருந்த பொருளுக்கும் தாம் விடை சொல்ல வேண்டிய நிலை வரலாம்; எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவருக்கோ ஒரு சிறு வழக்குகூடப் படிப்பையும் தங்கும் உரிமையையும் சேர்த்தே பறித்துவிடலாம்.

படி 1: வந்தவர் யார் என்பதை உறுதி செய்யுங்கள்

கதவைத் தட்டுகிறவர் விடுதிப் பொறுப்பிலுள்ள ஆர்.ஏ. எனப்படும் மூத்த மாணவராக இருக்கலாம். கைது செய்யும் அதிகாரம் இல்லாத பாதுகாவலராக இருக்கலாம். அல்லது மாநிலச் சட்டப்படி பதவிப் பிரமாணம் எடுத்த, துப்பாக்கி ஏந்திய, முழு அதிகாரம் பெற்ற வளாகப் போலீஸாக இருக்கலாம். யேல் பல்கலைக்கழகத்தில் 1894-இலேயே தொடங்கிய வளாகப் போலீஸ் முறை இன்று பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும், தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும் உள்ளது. இவர்களுடைய சீருடை ஒன்றுபோலத் தோன்றினாலும் அதிகாரம் ஒன்றல்ல.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 4ஆவது திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் மக்களைக் காக்கிறது. அந்தக் காப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடாமல், அங்கே தங்கிப் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்துகிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசைத்தான். மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அரசின் ஊழியர் ஆவதால் அத்திருத்தம் அவரைக் கட்டுப்படுத்தும். தனியார் பல்கலைக்கழகத்தின் பாதுகாவலரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. தனியார் ஒருவர் தாமாகவே எடுத்துக் கொடுத்த சான்றை அரசு பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1921-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் பாதுகாவலருக்கு மாநிலச் சட்டம் போலீஸ் அதிகாரம் தந்திருந்தாலோ, நகரப் போலீஸ் சொல்லி அவர் சோதனையிட்டாலோ நிலைமை மாறும். ஆகவே, சேர்ந்த முதல் வாரத்திலேயே பல்கலைக்கழக இணையதளத்தைப் பார்த்து, தங்கள் வளாகத்தில் இருப்பது போலீஸா, பாதுகாப்புப் பிரிவு மட்டுமா, இரண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாசலில் நிற்பவரிடம் பெயர், துறை, அடையாள வில்லை எண் ஆகியவற்றைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. பென்சில்வேனியாவின் மொரேவியன் கல்லூரி விடுதியில், 2017 பிப்ரவரியில், அதிகாலை நேரத்தில் முகமூடி அணிந்த இருவர் வளாகப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு ஓர் அறைக்குள் நுழைந்து கொள்ளையடித்தார்கள். சந்தேகம் இருந்தால் கதவைத் திறக்காமலேயே வளாகப் போலீஸின் எண்ணை அழைத்து, தங்கள் ஆளை அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளலாம்.

படி 2: கையெழுத்திட்ட விடுதி ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள்

விடுதி ஒப்பந்தத்தில் ‘உடல்நலம், பாதுகாப்பு ஆய்வு’ என்ற தலைப்பில் ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். தீயணைப்புக் கருவி வேலை செய்கிறதா, மெழுகுவத்தியோ மின்சார அடுப்போ இருக்கிறதா, பழுது பார்க்க வேண்டியது எது என்று பார்க்க ஊழியர்கள் அறைக்குள் வரலாம் என்று அது சொல்லும். எத்தனை மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், மாணவர் இல்லாதபோது நுழையலாமா, பூட்டிய பெட்டியைத் திறக்கலாமா என்பவற்றை அந்தப் பிரிவில் தேடுங்கள். சாமி விளக்கு ஏற்றுவது, ஊதுவத்தி கொளுத்துவது, அறையில் குக்கர் வைப்பது ஆகிய மூன்றும் நம் மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிரிவில் கையெழுத்திட்டதால் போலீஸுக்கும் கதவு திறந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அலபாமாவின் டிராய் மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் நடந்த போதைப்பொருள் சோதனை குறித்த வழக்கில், 5ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971-இல் ஒரு முக்கியமான கோட்டை வரைந்தது. கல்வி நிறுவனம் என்ற முறையில் அறையை ஆய்வு செய்யும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. ஆனால் குற்ற வழக்குக்குச் சான்று தேடுவதற்காக அந்த உரிமையைப் போலீஸிடம் எடுத்துக் கொடுக்கவோ, மாணவருக்குப் பதிலாகத் தானே சம்மதம் சொல்லவோ பல்கலைக்கழகத்தால் முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதைவிடத் தெளிவாகக் காட்டுவது மசாசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க் அரசுக் கல்லூரி வழக்கு. விடுதியில் பூனை கத்தும் சத்தம் கேட்டு, விதிப்படி அதை அகற்றச் சொல்லிவிட்டு, இரவில் விடுதி அதிகாரிகள் பூனையைத் தேடி அறை அறையாக வந்தார்கள். ஒரு படுக்கையறையின் அலமாரிக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதைக் கண்டு, தீப்பிடிக்குமோ என்று அஞ்சித் திறந்தபோது, விளக்கொளியில் இரண்டு கஞ்சாச் செடிகள் வளர்ந்துகொண்டிருந்தன. உடனே தேடுதலை நிறுத்திவிட்டு வளாகப் போலீஸை அழைத்தார்கள். போலீஸார் வாரன்ட் இல்லாமல் உள்ளே வந்து படம் பிடித்துச் செடிகளை எடுத்துச் சென்றார்கள். அதிகாரிகள் பூனையைத் தேடியதும் அலமாரியைத் திறந்ததும் சரி என்றும், அதற்குப் பின் போலீஸார் வாரன்ட் இன்றி நுழைந்தது அரசமைப்புக்கு முரண் என்றும் மசாசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்த இரவில் அதிகாரிகள் பார்த்ததைச் சொல்லிப் போலீஸார் வாரன்ட் வாங்கியிருந்தால் வழக்கின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

தனியார் பல்கலைக்கழகத்தில் இந்தக் கோடு இவ்வளவு தெளிவாக இராது. அங்கே தங்களுக்கு உள்ள உரிமை பெரும்பாலும் அந்த ஒப்பந்தமும் மாணவர் கையேடும் எழுதித் தந்தவைதான். ஆகவே அங்கு படிப்பவர்கள் அவற்றை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும்.

படி 3: வாசலில் சம்மதம் கேட்டால்

போலீஸார் ஒருவரின் இருப்பிடத்தைச் சோதனையிட, நீதிபதி கையெழுத்திட்ட வாரன்ட் வேண்டும் என்பதே பொது விதி. விதிவிலக்குகளில் மிக எளிதானது சம்மதம். வாரன்ட் கேட்டு நீதிபதியிடம் போவதைவிட மாணவரிடம் கேட்பது சுலபம் என்பதால்தான் அந்தக் கேள்வி அத்தனை இயல்பாக வருகிறது. மறுக்கும் உரிமை உண்டு என்பதை மாணவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் போலீஸுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறிவிட்டது. எனவே அதைத் தாங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அறையைவிட்டு வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திவிட்டு, நடைவழியில் நின்று பேசுங்கள். வாரன்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், “ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்” என்று அமைதியாக, கேட்கும்படி ஒரு முறை சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டாதீர்கள், தோளைக் குலுக்காதீர்கள். நம்முடைய பக்கவாட்டுத் தலையசைப்பை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று உறுதியில்லை. வாரன்ட் இருந்தால் அதை வாங்கி, முகவரி, அறை எண், தேதி, நீதிபதியின் கையெழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். குடிவரவுத் துறையின் அதிகாரியே கையெழுத்திடும் படிவத்தையும் வாரன்ட் என்றுதான் அழைக்கிறார்கள். அது நீதிபதியின் ஆணை அல்ல.

மறுத்த பிறகும் அவர்கள் உள்ளே நுழைந்தால் உடலால் தடுக்கவே கூடாது. கதவை அழுத்திப் பிடிப்பதோ கையைத் தட்டிவிடுவதோ தனிக் குற்றமாகிவிடும். சம்மதம் இல்லை என்று மறுபடி சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அந்தச் சோதனை சட்டப்படியானதா என்பதைப் பின்னர் நீதிமன்றத்தில் கேட்கலாம், நடைவழியில் வாதாடித் தீர்க்க முடியாது.

அறைத்தோழர் சம்மதித்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இருவரும் வாசலில் இருக்கும்போது ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால், மறுத்தவருக்கு எதிராக அந்தச் சம்மதம் செல்லாது என்பது 2006-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மறுத்தவர் சட்டப்படி கைதாகி அங்கிருந்து அகற்றப்பட்ட பின் மற்றவர் சம்மதித்தால் அது செல்லும் என்று 2014-இல் அதே நீதிமன்றம் கூறியது. தாங்கள் வகுப்பில் இருக்கும்போது அறைத்தோழர் பொது இடத்துக்கும் தம் பகுதிக்கும் சம்மதம் சொல்லலாம். தங்களுடைய பூட்டிய பெட்டிக்கு அவர் சொல்லும் சம்மதம் பொதுவாகப் போதாது. ஆகவே பூட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அறைத்தோழருடன் முதல் வாரத்திலேயே இதைப் பேசி, யார் கேட்டாலும் இருவரும் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

திறந்த கதவின் வழியே போலீஸார் கண்ணில் பட்ட எதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1978-இல், ஜின் பாட்டிலோடு விடுதியிலிருந்து வெளியே வந்த மாணவரை வளாகப் போலீஸ் அதிகாரி நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். அட்டை அறையில் இருப்பதாக மாணவர் சொல்ல, அதிகாரியும் கூடவே சென்று வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அங்கிருந்தே அறைக்குள் ஒரு மேசைமேல் கஞ்சா விதைகளும் ஒரு குழாயும் அவர் கண்ணில் பட்டன. உள்ளே போய்க் கைப்பற்றினார். அது சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பின்னர் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசமைப்பின்படி மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநிலத்துக்கு மாநிலம் காப்பு கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. அடையாள அட்டையை எப்போதும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

உயிருக்கு ஆபத்து, தீ, அலறல் போன்ற அவசர நிலையில் யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. குடித்து மயங்கிக் கிடக்கும் நண்பருக்காக 911-ஐ அழைத்தால் போலீஸ் வந்து அறையைப் பார்க்குமே என்று தயங்கவே தயங்காதீர்கள். அப்படி உதவி கேட்டவருக்குத் தண்டனைவிலக்குத் தரும் விதிகள் பல மாநிலங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ளன. அவை இல்லாவிட்டாலும் அழைக்கத்தான் வேண்டும்.

படி 4: சாலையிலும் வாகன நிறுத்தத்திலும்

வெளியில் போலீஸ் நிறுத்தினால் முதலில் கேட்க வேண்டியது, “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” என்பதே. போகலாம் என்றால் அமைதியாக நடந்துவிடுங்கள். போகக்கூடாது என்றால் அது தடுத்துவைப்பு. அதற்குக் குறிப்பிட்ட காரணம் வேண்டும் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆயுதம் இருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் மேலாடையைத் தட்டிப் பார்க்கலாம். பையைத் திறப்பதற்கு அது அனுமதி ஆகாது. பல மாநிலங்களில், அப்படித் தடுக்கப்பட்டவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் உண்டு. பல்கலைக்கழக ஊழியர் கேட்டால் மாணவர் அட்டையைக் காட்ட வேண்டும் என்று பெரும்பாலான மாணவர் கையேடுகள் சொல்கின்றன, அதைக் காட்டிவிடுங்கள். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்வதால், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும்.

காருக்கு அறையைவிடக் காப்பு குறைவு. காருக்குள் குற்றப் பொருள் இருப்பதாக நம்பப் போதிய காரணம் இருந்தால், வாரன்ட் இல்லாமலேயே சோதனையிடலாம் என்பது 1925-இலிருந்து இருக்கும் விதி. நண்பரின் காரில் போகும்போது அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது தங்கள் பொறுப்பு.

படி 5: கைபேசி, மடிக்கணினி, வைஃபை

கைது செய்யப்பட்டவரின் கைபேசியைக்கூட வாரன்ட் இல்லாமல் பார்க்கக்கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சம்மதித்துத் திறந்து கொடுத்தால் அந்தக் காப்பு போய்விடும். “நண்பருக்கு அனுப்பிய செய்தியை மட்டும் காட்டு” என்ற வேண்டுகோளும் சோதனைதான். கைபேசியைக் கையில் கொடுக்காமல் மறுத்துவிடலாம். விரல்ரேகையாலோ முகத்தாலோ திறக்க வைப்பது பற்றி நீதிமன்றங்களிடையே ஒருமித்த கருத்து இல்லாததால், எண் கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. விமான நிலையத்தின் குடிவரவுச் சோதனையில் இந்த விதிகள் இதே அளவில் பொருந்தா.

பல்கலைக்கழக வலையமைப்பு வேறு கதை. மேலே சொன்ன மொரேவியன் கொள்ளையைத் துப்பறிந்தபோது, அந்நேரத்தில் அந்த விடுதியின் வைஃபை கருவியோடு இணைந்திருந்த, ஆனால் அந்த விடுதியில் தங்காத மாணவர்கள் யார் என்று கல்லூரி தன் பதிவுகளைப் பார்த்தது. மூன்று பேர்தான் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஆண். கல்லூரியில் சேரும்போது கணினிப் பயன்பாட்டு விதிகளுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஒப்புதலே அந்தப் பதிவுகளைப் பார்ப்பதற்கான சம்மதம் என்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. நாம் வாசிக்காமல் சொடுக்கிவிட்டுப் போகும் அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு வலிமை உண்டு. சொந்தக் கணினியைப் பல்கலைக்கழக வலையில் இணைப்பதால் மட்டும் அதன்மேல் உள்ள அந்தரங்க உரிமை அழிந்துவிடாது என்று 2007-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னாலும், வலையமைப்பைக் காக்கும் அவசரத்துக்காகப் பல்கலைக்கழகம் அதைப் பார்த்ததை அதே தீர்ப்பு அனுமதித்தது. பல்கலைக்கழக மின்னஞ்சலைச் சொந்த விஷயங்களுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இணையவழித் தேர்வுக்கு முன் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டச் சொல்லும் வழக்கமும் ஒரு சோதனைதான். கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் படுக்கையறையை அப்படிக் காட்ட வைத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அது 4ஆவது திருத்தத்தை மீறியது என்று ஒஹையோவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், தேர்வுக்கு முன்பே ஆசிரியருக்கு எழுதி மாற்று ஏற்பாடு கேட்கலாம்.

படி 6: பேசுவதும் பேசாமலிருப்பதும்

மிகுதியான சேதம் சோதனையால் வருவதில்லை, பேச்சால் வருகிறது. நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் மாணவர்கள் அரைமணி நேரம் பேசுகிறார்கள். அதில் இரண்டு வாக்கியங்கள் அறிக்கையில் ஏறுகின்றன. மௌனமாக இருக்கும் உரிமையை 5ஆவது திருத்தம் அனைவருக்கும் தருகிறது. ஆனால் வெறுமனே வாயை மூடிக்கொண்டால் போதாது; அந்த உரிமையைப் பயன்படுத்துவதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. “ஐ வில் ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்” என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். மௌன உரிமையையும் வழக்கறிஞர் உரிமையையும் போலீஸார் எடுத்துச் சொல்லும் மிராண்டா எச்சரிக்கை, கைதான பின் விசாரிக்கும்போது மட்டுமே கட்டாயம்; நடைவழிப் பேச்சுக்கு அது வராது.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். கூட்டாட்சி அதிகாரியிடம் சொல்லும் பொய் தனிக் குற்றம். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது, குடிவரவுச் சட்டத்தில் ஏறத்தாழ மீளவே முடியாத தவறு.

கஞ்சாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாநிலச் சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடை செய்கிறது. குடிவரவுச் சட்டம் பார்ப்பது கூட்டாட்சிச் சட்டத்தைத்தான். தண்டனையே இல்லாமல், பயன்படுத்தியதாக அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதேகூட அடுத்த முறை நாட்டுக்குள் நுழைவதைத் தடுத்துவிடலாம். வழக்கு வந்தால், குற்றத்தை ஒப்புக்கொள்வது நாடுகடத்தலுக்கு இட்டுச் செல்லுமா என்று எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை அவரிடம் கேட்டே ஆக வேண்டும். கைதானால், 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின்படி தங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லலாம். இந்தியர்கள் விஷயத்தில் கேட்டால்தான் தெரிவிப்பார்கள்.

படி 7: ஒழுங்கு விசாரணையும் பதிவுகளும்

நீதிமன்றத்தில் செல்லாத சான்று பல்கலைக்கழக ஒழுங்கு விசாரணையில் பெரும்பாலும் செல்லும். அங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணமும் தேவையில்லை. எஃப்-1 மாணவர் இடைநீக்கம் செய்யப்பட்டால், முழுநேரம் படிக்கவில்லை என்று பல்கலைக்கழகம் செவிஸ் எனப்படும் வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவு அமைப்பில் பதிய வேண்டியிருக்கும்; குற்ற வழக்கைவிட இதுவே விரைவில் வந்து தாக்கும். ஆகவே டீன் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தவுடன், விடை எழுதுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். மாணவர் கட்டணத்திலிருந்தே நடக்கும் சட்ட உதவி அலுவலகம் பல பல்கலைக்கழகங்களில் உள்ளது. பல்கலைக்கழகத்துக்கு எதிரான விஷயங்களை அது எடுக்காது என்றால், வெளி வழக்கறிஞரை அவர்களே பரிந்துரைக்கக் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரை வெளியேற்றும் முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது 1961-இலிருந்து நிலைத்த விதி. குற்ற வழக்கும் நிலுவையில் இருந்தால், விசாரணையில் சொல்வது அங்கே போய்ச் சேரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மாணவர் கல்விப் பதிவுகளை 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் காக்கிறது. தம் பதிவைக் காட்டும்படி மாணவர் எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். வளாகப் போலீஸ் தன் பணிக்காக வைத்திருக்கும் பதிவு கல்விப் பதிவாகாது. அதன் பிரதி டீன் அலுவலகக் கோப்பில் இருந்தால் அந்தப் பிரதி கல்விப் பதிவாகும். எனவே இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் பல்கலைக்கழகத்தை அழைத்து, “என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டாலும், மாணவரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் பொதுவாக விடை கிடைக்காது; உயிர், உடல் ஆபத்துக்கு விலக்கு உண்டு. பெற்றோர் கலங்காமலிருக்க, வேண்டுமானால் அந்த ஒப்புதலை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம்.

லீஹை பல்கலைக்கழக விடுதியறையில் 1986-இல் கொல்லப்பட்ட மாணவியின் பெயர் பின்னர் சூட்டப்பட்ட, 1990-இல் வந்த கிளெரி சட்டப்படி, போலீஸோ பாதுகாப்புப் பிரிவோ உள்ள வளாகங்கள் அன்றாடக் குற்றப் பதிவேட்டைப் பராமரித்து, கடந்த 60 நாள் பதிவை அலுவலக நேரத்தில் கேட்கும் எவருக்கும் காட்ட வேண்டும். தங்கள் அறையில் நடந்தது அதில் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

அவர்கள் சென்றவுடன், அன்றிரவே, நேரம், பெயர்கள், வில்லை எண்கள், யார் என்ன கேட்டார், தாங்கள் எந்தச் சொற்களில் மறுத்தீர்கள், எவை எடுத்துச் செல்லப்பட்டன என்பவற்றை எழுதுங்கள்; கலைக்கப்பட்ட இடங்களைப் படம் எடுங்கள்; எடுத்துச் சென்ற பொருள்களுக்கு ரசீது கேளுங்கள். இதைத் தமிழிலேயே எழுதலாம். குழுக்களிலோ சமூக ஊடகத்திலோ பகிராமல், வழக்கறிஞரிடம் முதலில் கொடுங்கள். புகார் எழுத வேண்டுமா, எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதை அவரோடு பேசிய பின் முடிவு செய்யுங்கள்.